ரென்ட் காருக்கு மேலதிக இன்சூரன்ஸ் எடுக்கவா, விடவா? (கட்டுநாயக்க – மட்டக்களப்பு, 12 நாள்)

கல்லடியான்

வணக்கம். கனடாவிலிருந்து அக்காவும் அத்தானும் இரண்டு பிள்ளைகளும் டிசம்பர் 18 வந்து 30 திரும்புகிறார்கள். சாரதியோடு வேன் பிடித்தால் கட்டாது என்று அத்தானே கணக்குப் பார்த்துவிட்டு, "கார் ஒன்று ரென்ட்டுக்கு எடு, நானும் நீயும் மாறி மாறி ஓட்டுவோம்" என்கிறார். கட்டுநாயக்கவில் ஏற்றிக்கொண்டு ஹபரணை, பொலன்னறுவை வழியாக வீடு, மறுகா நாலைந்து நாள் கழித்து திருக்கோவில், பொத்துவில், அங்கிருந்து மொனராகலைப் பக்கம் ஏறி எல்ல, நுவரெலியா. பிள்ளைகளுக்கு யானை பார்க்க வேண்டுமாம். ஹபரணை ரோட்டில் அதற்கு டிக்கெட் எடுக்கத் தேவையில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டு இடத்தில் விலை கேட்டேன். ஒன்று கொம்பனி. அக்சியோ கார், நாளுக்கு 9,000, நாளுக்கு 150 கிலோமீற்றர் வரை, அதற்கு மேல் போனால் கிலோமீற்றருக்கு 50. டிபொசிட் 75,000. விபத்து நடந்தால் முதல் 150,000 ரூபாய் நம் தலையில், அதை 'எக்ஸஸ்' என்கிறார்கள். நாளுக்கு இன்னும் 1,750 கட்டினால் 'டேமேஜ் வேவர்' என்று ஒன்று தருவார்களாம், அப்போது நம் தலையில் விழுவது 25,000 தானாம். 12 நாளுக்கு 21,000.

மற்றது தெரிந்த ஒருவருடைய சொந்தக் கார், வகோன் ஆர், நாளுக்கு 6,500. டிபொசிட் இல்லை, அடையாள அட்டையின் அசலைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போ என்கிறார். "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, நீ ஒன்றுக்கும் யோசிக்காதே" என்று மூன்று முறை சொன்னார், அந்த மூன்றாவது முறையில்தான் எனக்கு யோசனை வந்தது.

கேட்க வந்தது இதுதான். அந்த 21,000 வீண் காசா? இல்லையென்றால் வகோன் ஆரை எடுத்துக்கொண்டு, அதற்கு நானே ஒரு இன்சூரன்ஸ் கொம்பனிக்குப் போய் 12 நாளுக்கு மட்டும் தற்காலிகமாக ஒரு இன்சூரன்ஸ் எடுக்க முடியுமா? லண்டனில் இருக்கும் மச்சான் ஒருவன் அங்கே ஒரு நாளுக்கு, ஒரு மணித்தியாலத்துக்குக்கூட எடுக்கலாம் என்கிறான்.

பழைய_சாரதி

எடுக்காதே தம்பி. முப்பது வருசத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன், லொறி, வேன், எல்லாம். வேவர் என்பது கொம்பனிக்காரன் நம் பயத்தை விற்கும் காசு. அந்த 21,000 க்கு நல்ல கணவாயும் நண்டும் வாங்கி அக்காவுக்குச் சமைத்துக் கொடு. மெதுவாக ஓட்டினால் ஒன்றும் நடக்காது.

ஏறாவூர்_எக்ஸ்பிரஸ்

மேலே சொன்ன பெரியவருக்கு மரியாதை, ஆனால் மெதுவாக ஓட்டினாலும் மாடு மெதுவாக எழும்பாதே.

என் கதை இது. இரண்டு வருசத்துக்கு முன் இதே மாதிரி ஒரு சொந்தக் கார், இதே 'ஃபுல் இன்சூரன்ஸ்', இதே அடையாள அட்டை. வாழைச்சேனையில் சாமத்தியச் சடங்கு ஒன்று முடிந்து இரவு எட்டரை போலத் திரும்பி வருகிறேன், கிரான் தாண்டி. மழை தூறி விட்டிருந்தது. எதிரில் ஒரு பஸ் ஹை பீம் போட்டுக்கொண்டு வந்து போனது, கண் தெளிந்தபோது ரோட்டில் ஐந்தாறு மாடு படுத்துக் கிடக்கிறது. உங்களுக்குத் தெரியும்தானே, மழை பெய்தால் வயல் ஈரம் என்று சூடான தார் ரோட்டில் வந்து படுக்கும். நான் வந்தது நாற்பது ஐம்பதில் என்று சத்தியம் பண்ணுவேன். ஒன்று எழும்பியது, ஒன்று எழும்பவில்லை. ஹெட்லைட், பம்பர், பொனட், ரேடியேட்டர். பச்சைத் தண்ணீர் ரோட்டில் ஒழுகி மழைத் தண்ணீரோடு கலந்து போகிறது, நான் குடை பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒரு விசயம் சொல்கிறேன், சிரிப்பாக இருக்கும். உயிரோடு ரோட்டில் படுத்திருக்கும் மாட்டுக்கு எங்கள் ஊரில் சொந்தக்காரன் கிடையாது. செத்த மாட்டுக்கு ஐந்து நிமிசத்தில் இரண்டு பேர் வருவார்கள்.

கார்க்காரருக்கு அடித்தேன். அவர் இன்சூரன்ஸுக்கு அடித்தார், ஆளும் வந்து படம் எல்லாம் எடுத்தார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி. "நீங்கள் வாகனச் சொந்தக்காரருக்கு என்ன முறை?" நான் வெகுளியாக, "முறை ஒன்றும் இல்லை, வாடகைக்கு எடுத்தது" என்றேன். அவ்வளவுதான். பாலிசி சொந்தப் பாவனைக்கு மட்டும், வாடகைக்கு விட்டது செல்லாது என்று கடிதம் வந்தது. கராஜ் பில் 285,000. கார்க்காரர் என் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார், நான் சீட்டுக் காசை எடுத்துக் கட்டினேன். அது போக, கராஜில் கார் நின்ற 19 நாளுக்கும் வாடகை கேட்டார், அதில் பாதிக்குப் பேசி முடித்தோம்.

பொய் சொல்லியிருக்கலாமே என்று பிறகு எத்தனையோ பேர் சொன்னார்கள். நடு ரோட்டில், மாட்டுக்காரன் ஒரு பக்கம் கத்த, அது வாயில் வராது.

பாலிசி_அண்ணன்

மோட்டார் கிளெய்ம் பக்கம் 11 வருசம் வேலை செய்தவன், இப்போது விட்டுவிட்டேன், அதனால் யாருக்கும் விற்க எதுவும் இல்லை. தம்பி கேட்ட கேள்வியை நான் தலைகீழாகத்தான் பார்ப்பேன். மேலே எதை வாங்குவது என்பது பிறகு. கீழே இருக்கும் பாலிசி உண்மையில் வேலை செய்யுமா என்பதுதான் முதல். அத்திவாரம் இல்லாத வீட்டுக்கு ஓடு நல்லதா தகரம் நல்லதா என்று கேட்பது போலிருக்கிறது.

'ஃபுல் இன்சூரன்ஸ்' என்றால் எதற்கும் காசு வரும் என்று ஊரில் நினைக்கிறார்கள். ஒவ்வொரு பாலிசியிலும் வாகனம் எதற்குப் பாவிக்கப்படுகிறது என்று எழுதியிருக்கும். பிரைவேட், ஹயரிங், ரென்ட் என்று. பிரைவேட் என்று எடுத்ததை வாடகைக்கு விட்டால், ஏறாவூர் தம்பிக்கு நடந்ததுதான் நடக்கும். சேதம் பார்க்க வந்த அந்த அசெசர் கேட்ட கேள்வியை நானும் நூறு பேரிடம் கேட்டிருக்கிறேன், பாவமாகத்தான் இருக்கும். ரென்ட் பாவனைக்கு பிரீமியம் கூட, அதனால்தான் தனியாட்கள் பிரைவேட் எடுத்துவிட்டு நாளுக்கு 6,500 க்கு விடுகிறார்கள். அந்த மலிவு வானத்திலிருந்து விழவில்லை.

மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ், அதாவது தேர்ட் பார்ட்டி, 1951 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி எல்லா வாகனத்துக்கும் கட்டாயம், அது இல்லாமல் வருசா வருசம் வருமான லைசன் எடுக்க முடியாது. ஆனால் அது நீ மோதிய ஆளுக்கும் அவன் பொருளுக்கும்தான். நீ ஓட்டும் காருக்கு ஒரு சதமும் வராது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். லண்டன் மச்சான் சொன்னது அவன் நாட்டுக்குச் சரி. அங்கே இன்சூரன்ஸ் ஓட்டுகிற ஆளைப் பார்த்து எழுதுவது, அதனால் ஒரு நாளுக்கு வேறொருவர் காரை ஓட்டத் தனிப் பாலிசி விற்கிறார்கள். இங்கே இன்சூரன்ஸ் வாகனத்தோடு ஒட்டியது, எடுப்பது வாகனச் சொந்தக்காரர். இன்னொருவர் காருக்கு நீ போய் 12 நாளுக்குப் பாலிசி கேட்டால் கவுண்டரில் இருக்கும் பிள்ளை உன்னை ஒரு மாதிரிப் பார்ப்பா. 'கவர் நோட்' என்று ஒன்று இருக்கிறது, சிலர் அதைத் தற்காலிக இன்சூரன்ஸ் என்று சொல்லிக் குழப்புவார்கள், அது நிரந்தரச் சான்றிதழ் வரும்வரை சொந்தக்காரருக்குக் கொடுக்கும் துண்டு, அவ்வளவுதான்.

இனி அந்த வேவர். அது இன்சூரன்ஸே இல்லை. "இவ்வளவுக்கு மேல் உன்னிடம் கேட்கமாட்டேன்" என்று ரென்ட் கொம்பனி உனக்குத் தரும் வாக்கு. இன்சூரன்ஸ் கொம்பனி ஏமாற்றினால் இன்சூரன்ஸ் முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம், ரென்ட் கொம்பனி வேவரில் ஏமாற்றினால் உன் கையில் இருப்பது அந்த ஒப்பந்தத் தாள் மட்டும். அதனால் தாளை வாசி. நான் பார்த்த தாள்கள் பெரும்பாலும் டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம், தண்ணீர் ஆகியவற்றை வெளியே விட்டிருக்கும். டிசம்பரில் மட்டக்களப்புக்கு வரும் காருக்குத் தண்ணீரை வெளியே விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை, இன்சூரன்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மன்னம்பிட்டிப் பக்கமோ எங்கோ ரோட்டை மூடித் தண்ணீர் ஓடும்போது கார் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் அடிக்கவே கூடாது. என்ஜினுக்குள் போன தண்ணீர் காற்றைப் போலச் சுருங்காது, பிஸ்டன் மேலே வந்து இடித்து கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். வெள்ளத்தால் வந்த சேதத்தைக் கொடுப்பார்கள், நீ சாவி திருப்பியதால் வந்ததைக் கொடுக்கமாட்டார்கள். வெள்ளம் என்பதே எல்லாப் பாலிசியிலும் தானாக வருவதில்லை, இயற்கை அனர்த்தம் என்று தனியாகச் சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

இப்போது கணக்கு. வேவர் இருந்தால் உன் தலையில் 25,000, இல்லாவிட்டால் 150,000. அதாவது 21,000 கொடுத்து அதிகபட்சம் 125,000 ஐக் காப்பாற்றுகிறாய், கிட்டத்தட்ட ஆறு பங்கு. ஆறு பயணத்தில் ஒரு பயணம் பெரிய அடி வாங்குவாய் என்று நினைத்தால் எடு. சின்னக் கீறலுக்கு இது உதவாது, அதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. 30,000 ரூபாய்க் கீறல் என்றால் 25,000 எப்படியும் நீதான், வேவர் மிச்சம் பிடித்துத் தருவது 5,000. அந்த ஐயாயிரத்துக்கு 21,000 கட்டியிருப்பாய்.

கடைசியாக லைசன். அத்தானிடம் இருக்கும் ஒன்ராறியோ லைசன் மட்டும் போதாது. கனடாவில் சி.ஏ.ஏ. என்ற மோட்டார் சங்கம் கொடுக்கும் சர்வதேச அனுமதிப்பத்திரத்தை எடுத்து வந்து இங்கே ஒட்டோமொபைல் அசோசியேசனில் அத்தாட்சி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக லைசன் எடுக்க வேண்டும். 2025 ஒகஸ்ட்டிலிருந்து வெளிநாட்டவருக்கு அதைக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே கொடுக்கிறார்கள். இது இல்லாமல் அத்தான் ஓட்டி அடிபட்டால் பிரைவேட்டா ரென்ட்டா என்ற பேச்சுக்கே போகமாட்டார்கள், லைசன் இல்லாத சாரதி என்று முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார்கள். உன்னுடையதையும் எடுத்துத் திகதி பார். கார்ட் லைசன் எட்டு வருசம்தான், நிறையப் பேர் முடிந்தது தெரியாமல் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

கல்லடியான்

அண்ணன், கோடி நன்றி. என் லைசன் திகதி பார்த்தேன், தப்பித்தேன், மாசியில்தான் முடிகிறது.

வகோன் ஆர்க்காரரிடம் இன்சூரன்ஸ் சான்றிதழைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். வாகன இலக்கம் தெரிகிறது, திகதி தெரிகிறது, பாவனை என்ற இடத்தில் அவருடைய பெருவிரல். "அண்ணன், விரலை எடுத்துவிட்டு இன்னொரு படம்" என்றேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. இப்போது இரண்டு நாளாகிறது.

அக்கரைப்பற்று_நானா

அஸ்ஸலாமு அலைக்கும். நான் அந்தப் பெருவிரலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன். இரண்டு கார் ரென்ட்டுக்கு விடுகிறேன், அறுகம்பேக்கு வரும் வெள்ளைக்காரர்கள், இங்குள்ள கல்யாண வீடுகள் என்று ஓடும். முதல் வருசம் நானும் பிரைவேட்டில்தான் விட்டேன், மறைக்க வேண்டியதில்லை. சியம்பலாண்டுவப் பக்கம் ஒரு வளைவில் ஒருவர் பக்கவாட்டில் கொண்டுபோய் இழுத்துவிட்டார், அவருக்கும் எனக்கும் சண்டையாகி, கடைசியில் பள்ளிவாசலில் இருத்திப் பேசி முடித்தார்கள். அதற்குப் பிறகு ரென்ட் பாவனைக்கு மாற்றினேன். எங்கள் பக்கம் தகாஃபுல், அதாவது இஸ்லாமிய முறை இன்சூரன்ஸ், எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அங்கேயும் இதே வரிதான், பாவனை என்ன என்று.

பாலிசி அண்ணன் சொல்லாமல் விட்ட இரண்டு விசயம்.

ஒன்று லீசிங். ரென்ட்டுக்கு ஓடும் கார் நிறைய லீசிங்கில் ஓடுகிறது. சொந்தக்காரர் தவணை கட்டாமல் விட்டால் ஃபினான்ஸ் கொம்பனி ஆட்கள் ரோட்டில் மறித்து வாகனத்தைத் தூக்குவார்கள். உள்ளே இருப்பது கனடாவிலிருந்து வந்த அக்காவா யார் என்று பார்க்கமாட்டார்கள். எல்ல போகிற வழியில், ஆறு சூட்கேஸோடு ரோட்டோரத்தில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். வாகனப் புத்தகத்தின் கொப்பியைக் கேளுங்கள், முழு உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் என்று தெரியும்.

மற்றது பெறுமதி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, சொந்த வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள், நடுவில் பழைய காரெல்லாம் பொன்னாகிவிட்டது. ஆனால் பிரீமியம் கூடும் என்று நிறையப் பேர் பழைய பெறுமதியிலேயே இன்சூரன்ஸை ஓட்டினார்கள். 70 லட்சம் பெறுமதியான காரை 35 லட்சத்துக்குப் போட்டிருந்தால், நாலு லட்சச் சேதத்துக்கும் பாதிதான் தருவார்கள், இரண்டு லட்சம். மிச்சத்துக்கு யாரைப் பார்ப்பார்கள்? உங்களைத்தான்.

அடையாள அட்டையின் அசலை ஒருவரிடமும் கொடுக்காதீர்கள், கொப்பி போதும். நான் கேட்பதில்லை.

இன்னொன்று, நாலு பேரின் கனடாச் சூட்கேஸ் வகோன் ஆரில் ஏறாது தம்பி. அதை யாருமே சொல்லவில்லையே.

பழைய_சாரதி

இந்தத் தம்பிமார் எல்லாம் சேர்ந்து ஒரு பயணத்தைக் கோர்ட் கேஸாக்கிவிட்டீர்கள். நாங்கள் சண்டைக் காலத்தில் புனானை தாண்டி லைட் இல்லாமல் ஓட்டினோம், வேவரும் இல்லை ஒரு மண்ணும் இல்லை.

பாலிசி_அண்ணன்

ஐயா, நீங்கள் ஓட்டியது முதலாளியின் லொறி. மோதினால் பில் முதலாளிக்கு. தம்பி தன் காசில் அல்லவா ஓட்டப்போகிறான்.

ஸ்காபரோ_மட்டுநகரான்

நான் ஸ்காபரோவில் இருக்கிறேன், ஊர் ஆரையம்பதி. போன வருசம் குடும்பத்தோடு வந்தேன், அதனால் கனடாப் பக்கத்துக் கணக்கை நான் சொல்கிறேன், இங்கே ஒருவரும் அத்தானின் பர்ஸைத் திறந்து பார்க்கவில்லை.

முதலாவது, அத்தான் ஒன்ராறியோவில் கட்டும் கார் இன்சூரன்ஸ் இங்கே உதவாது. ரென்ட் காருக்கும் சேர்த்து ஓ.பி.சி.எஃப். 27 என்று ஒரு இணைப்பு அங்கே எடுப்போம், பலர் அதை நம்பி வருவார்கள், அது கனடாவும் அமெரிக்காவும் மட்டும்.

ஆனால் கிரெடிட் கார்டைப் பாருங்கள். வருசக் கட்டணம் வாங்கும் பெரிய கார்டுகளில் பலவற்றில் ரென்ட் காரின் சேதத்துக்கும் களவுக்கும் காப்பு சும்மா இருக்கிறது, வெளிநாட்டிலும் செல்லும். நிபந்தனைகள்தான் முக்கியம். வாடகை முழுவதும் அந்தக் கார்டிலேயே கட்டியிருக்க வேண்டும், பாதி காசு பாதி கார்ட் என்றால் போச்சு. ஒப்பந்தம் கார்டுக்காரர் பெயரில் இருக்க வேண்டும், ஓட்டப்போகும் எல்லார் பெயரும் ஒப்பந்தத்தில் ஏறியிருக்க வேண்டும், அதாவது நீங்களும். எடுப்பது முறையான ரென்ட் கொம்பனியாக இருக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் பெருவிரல் அனுப்புகிறவர் சரிவராது.

இதுதான் முக்கியம். பல கார்டுகளில் ரென்ட் கொம்பனி தரும் வேவரை நாம் *வேண்டாம்* என்று சொல்லியிருந்தால்தான் கார்டின் காப்பு வேலை செய்யும். பயத்தில் இரண்டையும் எடுத்தால் 21,000 கட்டி, சும்மா கிடைத்ததையும் கெடுத்துக்கொண்டதாக முடியும். நான் போன வருசம் கவுண்டரில் அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே பேனையை நீட்டியதும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கார்டில் என்ன இருந்தது என்று திரும்பிப் போய் வீட்டில் வாசித்தபோதுதான் தெரிந்தது.

கார்டும் எல்லாத்துக்கும் மருந்தில்லை. நாம் மோதிய ஆளுக்கு அதில் காசு வராது, அதற்கு இங்குள்ள தேர்ட் பார்ட்டிதான். காரை உடைத்தால் முதலில் நம் காசைக் கட்டிவிட்டுப் பிறகு கிளெய்ம் பண்ண வேண்டும். நடந்து 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்கச் சொல்வார்கள், பொலிஸ் என்ட்ரி, கராஜ் பில், ஒப்பந்தம், எல்லாம் கேட்பார்கள். ஆகவே அத்தானை கார்டின் பின்னால் இருக்கும் நம்பருக்கு இப்போதே அடித்து, இலங்கை அடங்குமா, எத்தனை நாள், எவ்வளவு பெறுமதியான கார் வரை, வேவரை மறுக்க வேண்டுமா என்று நாலு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். தொலைபேசியில் சொன்னதை ஈமெயிலில் அனுப்பச் சொல்லி வாங்கி வையுங்கள்.

ஏறாவூர்_எக்ஸ்பிரஸ்

இதை இரண்டு வருசத்துக்கு முன் எழுதியிருக்கக் கூடாதா? ஆனால் என்னிடம் இருப்பது பீப்பிள்ஸ் பேங்க் ஏ.டி.எம். கார்ட் மட்டும்தான், அதில் மாட்டுக்குக் காப்பு இருக்காது.

தம்பிக்கு ஒன்று, நீ எதை எடுத்தாலும் சரி, கட்டுநாயக்கவிலிருந்து முதல் இரவே ஓட்டாதே. அத்தானுக்கு அங்கே பகல், இங்கே இரவு, போதாக்குறைக்கு அவர் இவ்வளவு காலம் வலப் பக்கத்தில் ஓட்டிப் பழகியவர். சந்தியில் கிறுகும்போது கை தானாகப் பழைய பக்கம்தான் போகும்.

கல்லடியான்

எல்லாருக்கும் ஒரேயடியாகப் பதில்.

அத்தான் நேற்றிரவு கார்டுக்காரருக்கு அடித்து முக்கால் மணித்தியாலம் பாட்டுக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டுப் பேசினார். இலங்கை அடங்குகிறது. 12 நாள் பிரச்சினை இல்லை. அக்சியோவின் பெறுமதி அவர்கள் எல்லைக்குள் வருகிறது. வேவரை எழுத்தில் மறுக்க வேண்டும் என்றே சொல்லியிருக்கிறார்கள், ஈமெயிலும் வந்துவிட்டது. ஒப்பந்தம் அத்தான் பெயரில், நான் இரண்டாவது சாரதி.

கொம்பனிக்காரரிடம் பாவனை வரியைக் காட்டுங்கள் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் ஃபைலைத் திறந்து காட்டினார், ரென்ட் என்று இருக்கிறது. வெள்ளம் சேர்த்திருக்கிறார்கள். லீசிங் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை, தவணைத் துண்டைக் காட்டினார். கார்டில் கட்ட முதலில் இழுத்தடித்தார், காசாகத் தந்தால் நாளுக்கு 500 குறைக்கிறேன் என்றார். 6,000 ரூபாய் மிச்சம்தான், ஆனால் காசாகக் கட்டினால் கார்டின் காப்பு போய்விடும் என்று இங்கே படித்ததால் அசையவில்லை.

ஆகவே வேவர் எடுக்கவில்லை. முதல் இரவுக்கு அதே கொம்பனியில் ஒரு சாரதியையும் கேட்டேன், மட்டக்களப்பு வரை கொண்டுவந்து விட்டுவிட்டு அவர் பஸ்ஸில் திரும்புவார். அக்காவுக்கு அதில்தான் அதிக சந்தோசம், அத்தானுக்குக் கொஞ்சம் ரோசம்.

கார் எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நல்லது. ஒப்பந்தத்தில் காரின் படம் ஒன்று வரைந்து, கீறல் இருக்கும் இடத்தில் புள்ளடி போடச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கரைப்பற்று_நானா

புள்ளடியை அவர்களோடு நின்று நீங்களே போடுங்கள். பிறகு காரைச் சுற்றி ஒரே இழுவையில் வீடியோ, நடுவில் நிறுத்தாமல், வெயிலில். பேஸ்மென்டில் நின்றால் வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள், கழுவிய ஈரத்தில் கீறல் தெரியாது. முன் பம்பரின் கீழ் உதட்டைக் குனிந்து பாருங்கள், எல்லா ரென்ட் காரும் கல்லில் தட்டுவது அங்கேதான், திருப்பிக் கொடுக்கும்போது அவர்கள் முதலில் குனிவதும் அங்கேதான். நாலு டயர், ஸ்பேர் டயர், ஜாக், பெற்றோல் முள், மீற்றர். நான் என் காரைக் கொடுக்கும்போது இதையெல்லாம் யாராவது செய்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும், ஆனால் அவர்களோடு சண்டை வந்ததே இல்லை.

பழைய_சாரதி

வேவர் எடுக்காதே என்று நான் முதலாவது ஆளாகச் சொன்னேன். யாராவது கேட்டீர்களா?

பாலிசி_அண்ணன்

சொன்னீர்கள் ஐயா. காரணம்தான் கணவாய் என்று இருந்தது.

ஏறாவூர்_எக்ஸ்பிரஸ்

கிரான் தாண்டும்போது லைட்டை டிம் பண்ணி, அந்த மாடுகளை நான் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்.